சாம்பிராணியின் பெயரைச் சுமக்கும் திரவம்: மைக்கேல் ஃபாரடேயின் ஆய்வுக்கூட வாழ்க்கை

வியாழக்கிழமை மாலை மஃரிபுக்குப் பிறகு வீட்டில் சாம்பிராணி போடும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. சுமத்ரா பக்கத்துக் காடுகளில் ஒரு மரத்தைக் கீறினால் வடியும் பிசின் அது. அரபு வணிகர்கள் அதற்கு லுபான் ஜாவி என்று பெயர் வைத்தார்கள். ஜாவாவிலிருந்து வரும் குந்திரிக்கம் என்று பொருள். அந்தப் பெயர் ஐரோப்பாவுக்குப் போனபோது முன்னெழுத்து உதிர்ந்து, 'பன்ஜாவி' என்றாகி, பிறகு 'பென்சாயின்' என்று திரிந்தது. அந்தப் பிசினிலிருந்து எடுத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1830களில் ஜெர்மனியின் மிட்ஷர்லிக் என்ற வேதியியலாளர் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்து ஒரு திரவத்தைப் பெற்றார். அதற்கு வந்த பெயர்தான் இன்று பெட்ரோல் பரிசோதனை அறிக்கையிலும் புற்றுநோய் எச்சரிக்கையிலும் நாம் காணும் பென்சீன்.

ஆனால் அந்தத் திரவத்தை உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் மிட்ஷர்லிக் அல்ல. சில ஆண்டுகள் முன்பே, 1825-இல், லண்டனில் ஒருவர் அதைக் கண்டுபிடித்து அளந்து எழுதி வைத்துவிட்டார். அவர் எடுத்தது சாம்பிராணியிலிருந்து அல்ல. விளக்கு வாயு அடைத்த கலன்களின் அடியில் தேங்கிக் கிடந்த கழிவிலிருந்து. அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே.

பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் ஃபாரடேயை மின்சாரத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள். டைனமோ, டிரான்ஸ்ஃபார்மர் என்று தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவர் எண்ணெயையும் வாயுவையும் மெழுகையும் பரிசோதித்துக் கொடுத்துச் சம்பாதித்த மனிதர் என்பதும், அந்தத் தொழிலில் நேர்மையாக இருக்க அவர் கொடுத்த விலையும் பாடப்புத்தகத்தில் இல்லை.

1791 செப்டம்பர் 22-இல் லண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனார் கொல்லர், உடல்நலம் இல்லாதவர், பட்டறைக்குப் போகும் நாட்களைவிடப் படுத்திருக்கும் நாட்கள் அதிகம். 1801-இல் தானிய விலை ஏறிய நேரத்தில், சிறுவன் மைக்கேலுக்கு ஒரு ரொட்டி கொடுத்து அதை வாரம் முழுக்க வைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு பள்ளிப்படிப்பு நின்றது. 14 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். ஏழு ஆண்டு ஒப்பந்தம்.

அட்டை போட வந்த புத்தகங்களை அவர் படித்தார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எளிய நடையில் எழுதிய வேதியியல் நூலும் அவரைப் பிடித்துக்கொண்டன. படித்ததை அப்படியே நம்பவில்லை. கையில் இருந்த சில்லறைக் காசில் பொருள் வாங்கி, செய்து பார்த்துச் சரியாக வருகிறதா என்று சோதித்தார்.

1812-இல் கடைக்கு வந்த ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். ஃபாரடே குறிப்பெடுத்து, படம் வரைந்து, ஏறத்தாழ 300 பக்கங்களைத் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். சில மாதங்கள் கழித்து அங்கே உதவியாளர் இடம் காலியானபோது அழைப்பு வந்தது. 1813 மார்ச்சில் வேலையில் சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, எரிக்கக் கரியும் மெழுகுவர்த்தியும்.

அந்த ஆண்டே டேவியோடு ஐரோப்பியப் பயணம். டேவியின் மனைவி அவரை வீட்டு வேலைக்காரராகவே நடத்தினார். மனம் வெறுத்துத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பயணத்தில்தான், 1814-இல், ஃப்ளோரன்ஸ் நகரில் பெரிய குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து ஒரு வைரத்தை எரித்தபோது பக்கத்தில் நின்றார். எரிந்து கிடைத்தது கரியமில வாயு மட்டுமே. வைரமும் அடுப்புக்கரியும் ஒரே பொருள் என்பதைக் கண்ணால் கண்டவர், பிற்காலத்தில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஆறு நாள் பேசியதில் வியப்பில்லை.

1819-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் ஒரு பெரிய சர்க்கரை ஆலை எரிந்து போனது. அந்த ஆலையில் புதிய முறை ஒன்றைப் புகுத்தியிருந்தார்கள். பாகு காய்ச்சும் பாத்திரத்துக்கு அடியில் நேரடியாகத் தீ வைக்காமல், சூடாக்கிய திமிங்கில எண்ணெயைக் குழாய்களில் ஓடவிட்டு அந்தச் சூட்டில் காய்ச்சுவது. இந்த எண்ணெய் முறை ஆபத்தை அதிகமாக்கியது, அதை எங்களிடம் சொல்லவில்லை, எனவே பணம் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. 1820-இல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. லண்டனின் பெயர்பெற்ற வேதியியலாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து சாட்சி சொன்னார்கள். காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பில் நின்றவர்களில் ஃபாரடேயும் ஒருவர். அப்போது வயது 28.

அவர் செய்த சோதனை எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. புதிய எண்ணெயை ஒரு முறை சூடாக்கிப் பார்த்துவிட்டு நிறுத்தவில்லை. ஆலையில் நடப்பதுபோலவே நாள்கணக்கில் சூட்டில் வைத்திருந்தார். அப்படி வைத்த எண்ணெய் மெல்லச் சிதைகிறது. புதிய எண்ணெயைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் ஆவியை விடுகிறது. எதிர்த்தரப்பு வல்லுநர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். நடுவர் குழு ஆலை முதலாளிகளுக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. இரு பக்கமும் கூலி வாங்கிய அறிஞர்கள் நின்றால் பொதுமக்கள் யாரை நம்புவது என்ற கேள்வியை அந்த வழக்கு எழுப்பியது. பரிசோதனைக் கூட அறிக்கையோடு விளம்பரம் வரும் இன்றைய நாட்களில் அந்தக் கேள்வி நமக்கும் புதிதல்ல.

மண்ணெண்ணெய் எத்தனை டிகிரியில் தீப்பற்றும் ஆவியை விடும் என்று இன்று ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையிலும் சோதிக்கிறார்கள். ஃபாரடே 1820-இல் கேட்ட கேள்வியும் அதுதான்.

1821-இல் சாரா பர்னார்டைத் திருமணம் செய்தார். குழந்தைகள் இல்லை. இருவரும் சாண்டமேனியன் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். செல்வம் சேர்த்து வைப்பது தவறு என்று கருதிய கூட்டம் அது. ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ஆபத்தும் குறைவில்லை. 1823-இல் அழுத்தத்தில் வைத்த கண்ணாடிக் குழாய் வெடித்து அவர் கண்ணிலிருந்து 13 கண்ணாடித் துண்டுகளை எடுத்தார்கள்.

இனி 1825. அப்போது லண்டனில் வாயு விளக்குகள் பரவிக்கொண்டிருந்தன. குழாய் போகாத வீடுகளுக்கு போர்ட்டபிள் காஸ் கம்பெனி என்ற நிறுவனம் வாயுவைக் கலன்களில் அடைத்து அனுப்பியது, நம் வீட்டுக்கு வரும் சிலிண்டரைப் போல. எண்ணெயைச் செக்கச்சிவந்த சூட்டில் சிதைத்து வாயுவாக்கி, காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 30 மடங்கு அழுத்தத்தில் அடைப்பார்கள். அப்படி அழுத்தும்போது நன்றாக வெளிச்சம் தரக்கூடிய ஆவிகளில் ஒரு பகுதி குளிர்ந்து திரவமாகி அடியில் தங்கிவிடும். 1000 கன அடி வாயுவுக்கு ஏறக்குறைய ஒரு கேலன் திரவம். கம்பெனிக்கு அது தொல்லை. ஃபாரடே அதைக் கேட்டு வாங்கினார்.

அடுத்து அவர் செய்த வேலையை ஆய்வுக்கூடத்தில் பயிலும் மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். அந்தத் திரவம் ஒரே பொருள் அல்ல, பலவற்றின் கலவை என்பது சூடாக்கும்போதே தெரிந்தது. கொதிக்கும் சூடு நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. எனவே ஃபாரன்ஹீட் அளவில் 10 டிகிரிக்கு ஒரு பாத்திரம் மாற்றி, வடிந்ததைத் தனித்தனியாகப் பிடித்தார். ஒவ்வொன்றையும் மறுபடி காய்ச்சி மறுபடி பிரித்தார். திரும்பத் திரும்பச் செய்தபோது ஒன்று புலப்பட்டது: 176-க்கும் 190-க்கும் இடையில் வடிவதுதான் அதிகம். அந்தப் பகுதியைப் பனிக்கட்டிக் கலவையில் வைத்து உறைய வைத்தார். கெட்டியானதை மையொற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, உறையாமல் ஒட்டிக்கொண்டிருந்த மற்ற எண்ணெய்களைப் பிழிந்து நீக்கினார். எஞ்சியது தெளிந்த, நிறமற்ற திரவம். வாதுமை வாசனையும் கலந்த ஒரு மணம்.

அது 42 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 5.5 டிகிரி செல்சியஸில் உருகுகிறது என்று எழுதினார். இன்றைய கருவிகள் சொல்வதும் 5.5. கொதிநிலையில் ஆறு டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் பிசகினார். பிறகு ஆவியைச் சூடான தாமிர ஆக்சைடு மேல் செலுத்தி முழுவதுமாக எரித்து, கிடைத்த கரியமில வாயுவையும் நீரையும் கணக்கிட்டு, எடையில் ஹைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரி 12 பங்கு என்று கண்டார். சரியான விடை. ஆவியின் எடை ஹைட்ரஜனைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு என்றார், உண்மை 39. கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள பொருள், அதாவது ஹைட்ரோகார்பன், என்று அப்படித்தான் உறுதியானது. 1825 ஜூன் 16-இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசிக்கப்பட்டது. ஹைட்ரஜனின் பைகார்புரெட் என்று அவர் வைத்த பெயர் நிலைக்கவில்லை. சாம்பிராணியின் பெயர் நிலைத்தது.

அதே கழிவுத் திரவத்தில் இன்னொன்றும் இருந்தது. ஏற்கெனவே தெரிந்த எத்திலீன் வாயுவில் கரியும் ஹைட்ரஜனும் எந்த விகிதத்தில் இருக்கின்றனவோ அதே விகிதம், ஆனால் ஆவியின் அடர்த்தி இரண்டு மடங்கு. ஒரே விகிதத்தில் சேர்ந்தும் இரண்டு வேறு பொருள்கள் இருக்க முடியும் என்பது அந்தக் காலத்தில் ஏற்கக் கடினமான செய்தி. அளவு தவறாகியிருக்கும் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை.

இந்த ஆண்டுகளில் வெளியார் கொண்டுவரும் பொருள்களைச் சோதித்துக் கொடுத்து நல்ல வருமானம் வந்தது. 1830-இல் மட்டும் 1000 பவுண்டுக்கு மேல். கொல்லன் மகனுக்கு அது சாதாரணத் தொகை அல்ல. விரும்பியிருந்தால் பல மடங்காக்கியிருக்கலாம். 1831-இல் காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கிய பிறகு, இரண்டில் ஒன்றுதான் என்று முடிவு செய்தார். 1832-இல் அந்த வருமானம் 155 பவுண்டாகக் குறைந்தது. அதன் பிறகு தனியார் வேலை கிட்டத்தட்ட நின்றே போனது. பணம் கொடுப்பவருக்கு ஏற்ற விடை தேடும் நிலையிலிருந்து அது அவரைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. அவர் சொன்ன காரணம் ஆராய்ச்சிக்கு நேரம் வேண்டும் என்பதே.

பொதுக் காரியத்துக்கு மட்டும் சோதனைக் கூடத்தின் கதவைத் திறந்தே வைத்திருந்தார். 1836 முதல் ஏறக்குறைய 30 ஆண்டுகள், கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் டிரினிட்டி ஹவுஸின் அறிவியல் ஆலோசகர். விளக்குக்கு வரும் எண்ணெய் தரமானதா, கலப்படமா, எவ்வளவு வெளிச்சம் தரும் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. (விளக்கெண்ணெய்கள் சுத்த ஹைட்ரோகார்பன் அல்ல, அவற்றில் ஆக்சிஜனும் உண்டு. ஆனால் சோதிக்கும் முறையில் பெரிய வேறுபாடில்லை.) எண்ணெய் மோசமானால் திரி கருகும், ஒளி மங்கும், பாறையில் கப்பல் மோதும். விளக்கு எரியும்போது உண்டாகும் நீராவி கண்ணாடியில் பனித்து ஒளியை மறைப்பதைக் கண்டு, அதை வெளியேற்றும் புகைபோக்கியையும் வடிவமைத்தார். அதன் காப்புரிமையைத் தன் அண்ணன் ராபர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

1844 செப்டம்பரில் டர்ஹாம் பகுதியின் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு, அதாவது எல்லாவற்றிலும் எளிய ஹைட்ரோகார்பன், காற்றோடு கலந்து தீப்பற்றியதே வெடிப்பு. அரசு ஃபாரடேயையும் புவியியல் அறிஞர் சார்லஸ் லயலையும் அனுப்பியது. சுரங்கத்துக்குள் காற்றோட்டத்தை எப்படி அளக்கிறீர்கள் என்று ஃபாரடே கேட்டார். ஒருவர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் தூவ, மற்றவர் அந்தப் புகை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார். மிச்ச வெடிமருந்து எங்கே என்று கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் உட்கார்ந்திருந்த மூட்டையே அது என்று. 95 பேர் செத்த இடத்தில் திறந்த சுடரும் வெடிமருந்து மூட்டையும் அருகருகே! எழுந்து நின்று கடிந்துகொண்டார்.

வாயு மட்டுமல்ல, காற்றில் பறக்கும் நிலக்கரித் தூளும் எரிந்து வெடிப்பைப் பரப்பியது என்று அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காற்றோட்ட ஏற்பாடு செலவாகும் என்று முதலாளிகள் தட்டிக்கழித்தார்கள். நிலக்கரித் தூளின் ஆபத்து ஒப்புக்கொள்ளப்பட இன்னும் பல சுரங்கங்கள் வெடிக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்காக அவர் நடத்திய கிறிஸ்துமஸ் விடுமுறை வகுப்புகளை இங்கே விரிவாகச் சொல்ல இடமில்லை. ஒரு மெழுகுவர்த்தி எரிவதை மட்டும் வைத்து, மெழுகு உருகி ஆவியாவதிலிருந்து நாம் மூச்சு விடுவது வரை ஆறு வகுப்புகளில் விளக்கியது நூலாகி இன்றும் படிக்கப்படுகிறது. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தது, மறுத்தார். சர் பட்டம் வேண்டாம் என்றார்.

அவர் வாழ்நாளிலேயே பென்சீன் தொழிற்சாலைக்குள் போய்விட்டது. 1840களில் நிலக்கரித் தாரில் அது ஏராளமாக இருப்பது தெரிந்தது. அதைப் பெருமளவில் வடித்தெடுக்க வழிகண்ட சார்லஸ் மான்ஸ்ஃபீல்டு 1855-இல், வடிகலம் பொங்கித் தீப்பிடித்தபோது அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, தீக்காயத்தில் இறந்தார். 1865-இல் கெக்குலே, ஆறு கரி அணுக்கள் வளையமாக நிற்கும் வடிவத்தை முன்வைத்தார். அதற்குள் ஃபாரடேயின் நினைவாற்றல் பெரிதும் மங்கிவிட்டது. பல ஆண்டுகளாகவே மறதி அவரை வாட்டியது. 1867 ஆகஸ்ட் 25-இல், ஹாம்ப்டன் கோர்ட்டில் அரசி கொடுத்திருந்த வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரிய மனிதர்கள் நடுவே அடக்கம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஹைகேட் கல்லறையில் எளிய கல் ஒன்றின் கீழ் அடக்கினார்கள்.

அந்தத் திரவத்தின் உருகுநிலையையும் எடையையும் மணத்தையும் சரியாகச் சொன்ன அவருக்கு, அதை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவரின் எலும்பு மஜ்ஜைக்கு என்ன ஆகும் என்பது தெரியாது. 1825-இல் அதைக் காட்டும் சோதனை எதுவும் இல்லை. கண்டுபிடித்துக் கேட்க வைத்தவர்களில் முக்கியமானவர் துருக்கி மருத்துவர் முஸஃபர் அக்சோய். இஸ்தான்புல்லின் காற்றோட்டமில்லாத சிறு பட்டறைகளில், பென்சீன் கலந்த பசை கொண்டு செருப்பு ஒட்டிய தொழிலாளர்களிடம் இரத்தப் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை அவர் கவனித்தார். 28,500 காலணித் தொழிலாளர்களிடையே 26 பேருக்கு அந்த நோய் அல்லது அதன் முன்நிலை இருந்ததை 1974-இல் வெளியிட்டார். துருக்கியில் அந்தப் பசைகளில் பென்சீன் குறைக்கப்பட்ட பிறகு புதிய நோயாளிகளும் குறைந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், காலணித் தொழிலில் இருக்கும் நம் குடும்பங்கள் ஒட்டுப் பசை வாங்கும்போது அதில் என்ன கரைப்பான் இருக்கிறது என்று கேட்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்று இந்தியாவில் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2021-இல் அமெரிக்காவில் வெயில் காப்புத் தெளிப்பான்கள் சிலவற்றில் பென்சீன் இருப்பதை ஒரு தனியார் சோதனைக் கூடம் கண்டு சொன்ன பிறகு, அவை கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தெளிப்பானில் அழுத்தி அடைக்கும் பியூட்டேன் போன்ற ஹைட்ரோகார்பன் வாயுக்கள் வழியாக அது வந்து சேரலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் உற்பத்தியாளர்களை எச்சரித்தது. அழுத்தி அடைத்த வாயுவில் வேண்டாத விருந்தாளி. ஃபாரடேக்கு இது பழகிய கதை.

அதைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு வாயு நிறப்பிரிகை என்று பெயர். ஒரு துளியை ஆவியாக்கி, மெல்லிய நீண்ட குழாயில் செலுத்தி, சூட்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள். சீக்கிரம் ஆவியாவது முதலிலும் தாமதமாக ஆவியாவது கடைசியிலுமாக ஒவ்வொன்றாக வெளியே வரும். 10 டிகிரிக்கு ஒரு பாத்திரம் மாற்றிய அந்த வேலையை அரை மணி நேரத்தில் இயந்திரம் செய்துவிடுகிறது. ஃபாரடே தன் கையால் பிரித்தெடுத்த பென்சீன் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கிறது.